மணப்பெண் திறந்த கதவு

ஓர் ஊரில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அதற்கு இரண்டு கதவுகள். முன்கதவுக்கு வாழைமரமும் பூச்சரமும் கட்டுவார்கள். பக்கக் கதவை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முத்தரசியின் கல்யாணத்தன்று அதை மறைத்து நாற்காலிகளை வேறு அடுக்கியிருந்தார்கள்.

தாலி கட்டி முடிந்த சற்று நேரத்தில் சமையற்கட்டில் தீப்பிடித்தது. புகை மெல்ல மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தது.

"உன்னை யார் கூப்பிட்டது?" என்று பதறியது பக்கக் கதவு.

"நான் மட்டுமா? பின்னாலேயே தீயும் வருகிறது," என்றது புகை. "அவசரமே இல்லை. இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்."

அப்படித்தான் நடந்தது. "ஹோமப் புகைதான், கலைஞ்சிடும்," என்றார் பெண்ணின் பெரியப்பா. இருமிக்கொண்டே எல்லோரும் தலையாட்டினார்கள்.

திடீரென்று விளக்குகள் அணைந்தன. மொத்தக் கூட்டமும் வந்த வழியிலேயே பாய்ந்தது.

"ஐயோ, நசுங்குகிறார்களே!" என்று திணறியது முன்கதவு. "தம்பி, நீயாவது கூப்பிடேன்!"

"தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன் அண்ணா. யார் காதிலும் விழவில்லையே!"

மேடையில் இருந்த முத்தரசியின் கண்ணில், நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு வெளிச்சக் கீற்று பட்டது. "அங்க ஒரு கதவு இருக்குங்க," என்றாள் கணவனிடம்.

"எல்லாரும் இந்தப் பக்கம்தானே போறாங்க?" என்றான் திரவியம்.

"அதனாலதான் சொல்றேன்!"

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். இருவரும் நாற்காலிகளைத் தள்ளினார்கள். தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது. "விடாதே அம்மா, இன்னும் ஒரு இழு!" என்று கெஞ்சியது கதவு. இழுத்தாள். வெயிலும் காற்றும் உள்ளே வந்தன.

"இங்க வாங்க!" என்று இருவரும் கத்தினார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

வாசல் ஓர் அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் முத்தரசி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். அதுவரை தன்னோடு ஒரு வார்த்தையும் பேசியிராத மாமியாரின் கையைப் பற்றினாள். "அத்தை, என்கூட வாங்க."

மாமியார் தன் தங்கையைப் பிடித்தாள். தங்கை தன் மகளைப் பிடித்தாள். "பொண்ணு அந்தப் பக்கம் போகுது பாரு!" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முன்கதவில் நெரிசல் தளர்ந்தது.

தீயணைப்பு வண்டி வந்தபோது உள்ளே யாருமே இல்லை.

"நானும் கத்தினேன், அவளும் கத்தினாள். அப்போது வராதவர்கள் பிறகு எப்படி வந்தார்கள் அண்ணா?" என்று கேட்டது பக்கக் கதவு.

"அவள் ஒருத்தியின் கையைப் பிடித்தாள், தம்பி."