மூன்றாம் வரி

ஒரு மாலைக் கல்லூரியில் செவ்வியல் நூல்களையும் சமயத்தையும் சேர்த்து ஒரு பட்டப்படிப்பு வைத்திருந்தார்கள். யார் கண் பட்டதோ, ஆறு பேர் சேர்ந்த வகுப்பில் மூன்றாம் ஆண்டுக்கு மிஞ்சியது ஒருத்திதான். மற்ற ஐந்து பேரும் பிழைக்கத் தெரிந்தவர்கள், வணிகவியலுக்கு மாறிவிட்டார்கள்.

மிஞ்சியவள் பெயர் உமையாள். வயது நாற்பத்திரண்டு, பகலில் தபால் நிலையத்தில் வேலை. பாடம் நடத்திய சவரிராயன் அவளைவிட மூன்று வயது இளையவர். இருந்தும் அவர் உட்காரச் சொன்னால்தான் அவள் உட்காருவாள்.

இரண்டு வாரம் வராமலிருந்து ஒரு திங்கட்கிழமை வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. படிப்பை நிறுத்திக்கொள்வதாக எழுதிய கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

சவரிராயன் அதைப் படித்துவிட்டு, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். அவருக்கும் அலுப்புதான். அடுத்த வருடம் இந்தப் படிப்புக்குப் புதிய சேர்க்கை கிடையாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்.

அப்பா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார். சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவருக்குப் பிடித்த பதிகத்தைப் பாடச் சொல்லி எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். அதையேதானே காலேஜில் படிக்கிறாள். அப்பாவும் பார்த்தார்.

இரண்டு வரி பாடினாள். மூன்றாம் வரி வந்தது. அந்த வரி ஓர் ஓலை ஏட்டில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருக்கிறது. மூன்றாவது ஏட்டில் அந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. எது சரி என்று போன செமஸ்டரில்தான் பத்துப் பக்கம் எழுதியிருந்தாள். அந்தப் பத்துப் பக்கமும் தொண்டையில் வந்து நின்றது.

"எதைப் பாடுறதுன்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன் சார். எங்கப்பா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார்."

கடைசியில், வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பொம்மியம்மாள்தான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து அந்தப் பதிகத்தைப் பாடி முடித்தார். சாயங்காலம் அப்பா போய்விட்டார்.

"இவ்வளவு படிச்சு என்ன சார் கிடைச்சுது? பெத்தவருக்கு நாலு வரி பாட வாய் வரல. போதும்."

அழுது தீர்ந்த குரல் அது. அதில் கோபம்கூட மிச்சமில்லை. சவரிராயன் ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர், கேள்விதான் கேட்டார்.

"அந்தம்மா சரியாப் பாடினாங்களா?"

"இல்ல சார். நாலு இடத்துல தப்பு. நடுவுல வேற பாட்டு ஒண்ணும் கலந்துடுச்சு."

"நீங்க திருத்தினீங்களா?"

"எப்படித் திருத்துறது? அப்பா உதடு கூடவே அசைஞ்சுது."

சவரிராயன் விடைத்தாள் கட்டை ஓரமாக ஒதுக்கி வைத்தார். பிறகு, "முதல் வருஷம் உங்க தெருக் கோயில்ல ஓதுவாரை நிறுத்தினீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. பாடிக்கொண்டிருந்தவரை நடுவில் நிறுத்தி ஒரு சொல்லைத் திருத்தியவள் அவள். மனுஷர் அன்றைக்கு மேற்கொண்டு பாடவில்லை. மறுநாள் வகுப்பில் அதைப் பெருமையாகச் சொன்னாள். சவரிராயன் நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. பேசாமல் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

"அன்னிக்கு அங்க யார் யார் உதடு அசைஞ்சுது?"

உமையாள் யோசித்தாள். ஓதுவார் பிழையாகப் பாடிய சொல் நினைவுக்கு வந்தது. சரியான சொல் வந்தது. அது இருந்த ஏட்டின் எண்கூட வந்தது. எதிரே உட்கார்ந்து கேட்டவர்களில் ஒரு முகமும் வரவில்லை.

யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

சவரிராயன் கடிதத்தை அவள் பக்கமாக நகர்த்தினார்.

"அந்தக் கோயிலுக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவுல ரெண்டரை வருஷம் இருக்கு உமையாள். நான் நடத்தினது அவ்வளவுதான்."