நீலத்தை எடுக்க மாட்டேன்

"நீலம் மறுபடியும் போச்சு மேடம்" என்றான் இருதயராஜ்.

பேராசிரியர் பர்வீன் எட்டிப் பார்த்தார். வெள்ளையாக எரியவேண்டிய ஓஎல்இடி விளக்குத் தகடு, சிவப்பும் பச்சையும் மட்டும் மிஞ்சி, மஞ்சளாக இளித்துக்கொண்டிருந்தது.

பல்பு கம்பெனி வேலையை உதறிவிட்டு, தன்னைவிட இளைய இந்தப் பேராசிரியரிடம் மாணவனாக வந்து சேர்ந்தவன் இருதயராஜ். நாளைக்கு நிபுணர் குழு வருகிறது. விளக்கு நின்று எரியாவிட்டால் அவன் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

"இந்தப் புது பாஸ்பரசன்ட் நீலத்தை எடுத்துடுங்க. பழைய நீலத்தைப் போட்டா நீடிச்சு உழைக்கும். குழுவும் கைதட்டும்" என்றார் பர்வீன்.

"எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"பழசு, கொடுக்கிற சக்தியில முக்கால்வாசியைச் சூடாக்கி வீணடிக்கும். இது அத்தனையையும் வெளிச்சமாக்குது. உழைக்கிறவனை வெளியே தள்ளிட்டு, தின்னுட்டுத் தூங்கறவனை உள்ளே வைக்கச் சொல்றீங்களா?"



"அப்போ இது ஏன் சாகுது?"

"மின்சாரம் ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து நீல அடுக்கோட ஒரே ஓரத்துல சேருது. முழுச் சக்தியும் அங்கேயே இறங்குது. அந்த ஓரம் தாங்கல. நீலப் பொருள் சரியில்லை மேடம். இன்னும் வலுவான நீலம் வேணும்."

பர்வீன் ஆய்வகத்தின் மூலைக்குப் போனார். குழுவுக்காக வந்திறங்கிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"பிடிங்க."

இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. கூட இருந்த இரண்டு ஆய்வாளர்களும் உதவிக்கு ஓடி வந்தார்கள்.

"நீங்க சும்மா நில்லுங்க" என்று அவர்களைத் தடுத்தார்.

அவன் முகம் மறைந்தது. கை கடுத்தது. மேலும் ஒன்று ஏறியது.

"உங்களுக்கு பலம் போதாது. இன்னும் வலுவான ஆளாப் பார்க்கணும்."

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"என் பலத்துக்கு என்ன குறைச்சல்? மூணு பேர் இருக்கும்போது எல்லாத்தையும் ஒருத்தன் தலையிலேயே கட்டினா எவன் தாங்குவான்?"

சொன்ன வாயை மூட மறந்து அப்படியே நின்றான். நாற்காலிகள் சரிந்து விழுந்தன. அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் தகடு செய்யும் எந்திரத்திடம் போனான்.

"மின்சாரத்தை ஓரத்துல குவிய விடமாட்டேன். அடுக்கு முழுக்கப் பரவ வைக்கிறேன். அதே நீலம்தான்."

"நாளைக்குள்ள முடியுமா?"

"முடியாது. விளக்கு இன்னும் இல்லைன்னு குழு முகத்துக்கு நேரா நானே சொல்லிக்கறேன். மூடறதா இருந்தா மூடட்டும்."

பர்வீன் குனிந்து ஒரு நாற்காலியை நிமிர்த்தினார்.

"நீங்க ஒருத்தராவா?" என்றார்.