நாலாவது கயிறு

ரொம்பக் காலத்துக்கு முன்னே, ஏந்தல் நாட்டைச் செண்பகராயன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பதைவிடப் பிரித்தான் என்றால்தான் சரி. எதைக் கண்டாலும் அதற்கொரு வாசல், வாசலுக்கொரு அதிகாரி, அதிகாரிக்கொரு முத்திரை மோதிரம்! நோய் நொடிக்கு மட்டும் அரண்மனை மதிலில் மூன்று வாசல். மனிதருக்கு என்றால் முதல் வாசலில் வைத்தியர் வாகடநாதர். ஆடு மாட்டுக்கு இரண்டாம் வாசலில் மாட்டு வைத்தியர். தண்ணீர்க் கேட்டுக்கு மூன்றாம் வாசலில் ஏரி அதிகாரி. ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிட்டால் மோதிரம் போச்சு.

அந்த ஊரில் மோர் விற்றுப் பிழைத்தவள் குருவம்மா. அவள் மோர் இல்லாமல் ராசாவுக்குச் சோறு இறங்காது. அந்த வைகாசியில் அவளுடைய எருமை நுரை தள்ளிப் படுத்தது. நாலாம் நாள் புருசன் சுடலைக்குக் காய்ச்சல், கையில் கறுத்த கொப்புளம். பதறிப்போய் முதல் வாசலுக்கு ஓடினாள்.

"காய்ச்சல் எப்படி வந்தது?" என்றார் வாகடநாதர்.

"எருமைக்குப் பக்குவம் பார்த்த கையோட வந்துச்சு சாமி."

"எருமை கொடுத்த நோயா? இரண்டாம் வாசல்!"

இரண்டாம் வாசலில் மாட்டு வைத்தியர், "எருமை என்ன குடித்தது?" என்றார்.

"ஏரித் தண்ணிதான் சாமி."

"தண்ணீரா? மூன்றாம் வாசல்!"

மூன்றாம் வாசலில் அழாக்குறையாகச் சொன்னாள்: "மதகுல செத்த காளை கிடந்து ஊறுது சாமி."

"காளையா? மாட்டு வைத்தியரிடம் போ" என்றார் ஏரி அதிகாரி.

மறுபடி ஓடினாள். மாட்டு வைத்தியர் பொறுமையாக விளக்கினார்: "மூச்சு விட்டால்தான் அம்மா அது மாடு. செத்தபின் என் கணக்கில் வராது."

அது சாதாரணக் காளையா? ராசாவின் செல்லக் காளை முத்துக்கொம்பன்! மதகில் தண்ணீர் குடிக்கப் போய் அங்கேயே விழுந்து செத்தது. ராசா தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, "இது எந்த வாசலைச் சேர்ந்தது என்று முடிவாகும்வரை யாரும் தொடக்கூடாது" என்று உத்தரவு போட்டான். பன்னிரண்டு நாளாக விவாதம் நடந்தது. காளை நாறியது.

குருவம்மா அதற்குமேல் பொறுக்கவில்லை. மோர்க் கலயத்தோடு நேரே, மூன்று அதிகாரிகளும் கூடியிருந்த சபைக்குள் போய் நின்றாள்.

"ராசா! என் எருமைக்கும் என் மனுசனுக்கும் அந்த ஏரிக்கும் ஒரே சீக்கு. இவுக மூணு பேரையும் ஒண்ணா அனுப்புங்க. இல்லேன்னா என் மனுசன் செத்துப்போவாரு."

வாகடநாதருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. தம் கஷாயத்தைத் துப்பிவிட்டு ராசா அவள் மோரைக் கேட்டால் பின்னே எப்படி இருக்கும்? "மோர்க்காரி வைத்தியம் பேசுகிறாள் பிரபு! மூன்றும் ஒன்று என்று எந்தச் சுவடியில் இருக்கிறது? நிரூபிக்கட்டும்!"

ராசாவுக்கு வேடிக்கை என்றால் வெல்லம். "நாளை உச்சிப்பொழுதுக்குள் நிரூபி. ஜெயித்தால் கேட்டது கிடைக்கும். தோற்றால் நாட்டைவிட்டுப் போ."

"நாளைக்கு என் மனுசன் இருப்பாரோ என்னமோ. இப்பவே ஆகட்டும்" என்று ஒரு கிண்ணம் மோர் ஊற்றி வாகடநாதரிடம் நீட்டினாள். "குடிங்க சாமி. மாட்டுச் சீக்கு மனுசருக்கு வராதுல்ல?"

வாகடநாதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மோர் எருமையிடமிருந்து வருவது. மாட்டு வைத்தியர் முதலில் குடிக்கட்டும்."

மாட்டு வைத்தியர் முகம் சுளித்தார். "ஏரியைக் குடித்துத்தானே எருமை கறக்கிறது? ஏரி அதிகாரி குடிக்கட்டும்."

ஏரி அதிகாரி இரண்டடி பின்வாங்கினார். "குடித்தால் வயிற்றுக்குள் போய்விடுமே! வயிறு வாகடநாதருடையது."

கிண்ணம் மறுபடி வாகடநாதரிடமே வந்தது. மூன்று சுற்று போயிற்று, ஒரு சொட்டு குறையவில்லை. ராசா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். திடீரென்று சிரிப்பு நின்றது.

"ஏனய்யா, ஏரியிலிருந்து எருமைக்கு, எருமையிலிருந்து மோருக்கு, மோரிலிருந்து வயிற்றுக்கு. இவள் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்?"

"நான் வாயே திறக்கல ராசா. கிண்ணமே சுத்திக் காட்டிருச்சு" என்றாள் குருவம்மா.

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அடிப்பாவி! காலையில் நான் குடித்தது?"

குருவம்மா கிண்ணத்தை வாங்கி மடமடவென்று குடித்துத் தீர்த்தாள். "மலையடியில இருக்கிற என் தங்கச்சி வீட்டு மோரு இது. சீக்கு எருமையைக் கறந்து விக்க எனக்கென்ன கிறுக்கா?"

"பிழைத்தேன்! பொன் வேண்டுமா, பட்டு வேண்டுமா?"

"ரெண்டும் வேணாம். வாகடநாதர் இப்பவே என் மனுசனைப் பார்க்கணும். மூணு வாசலையும் இடிச்சு ஒரே வாசலாக்கணும். பொழுது சாயறதுக்குள்ள காளையைக் குழிதோண்டிப் புதைக்கணும். இவுகளே இழுக்கணும்."

வாகடநாதர் முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சுடலைக்கு மருந்து கொடுத்தார். சாயங்காலம் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு மதகில் கூடியது. காளைக்கு நாலு கால், காலுக்கொரு கயிறு. மூன்றை மூன்று பேர் பிடித்தார்கள். நாலாவது சேற்றில் கிடந்தது. பழக்க தோஷம், மாட்டு வைத்தியர் கேட்டார்: "இந்தக் கயிறு எந்த வாசல்?"

குருவம்மாதான் சொன்னாள்: "தொடாதேன்னு சொன்னது யாரோ, அவுகளுக்கு."

ராசா தன் முத்துக்கொம்பனைப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான். கிரீடத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுச் சேற்றில் இறங்கினான்.

எருமை பிழைக்கவில்லை. குருவம்மா அதற்காக அழுதாள். ஒன்பதாம் நாள் சுடலை கண் விழித்துக் கஞ்சி கேட்டான். குடித்துவிட்டு, "மதகுல கிடந்த காளையை யாரு எடுத்தா?" என்றான்.

"ராசாதான். கூடவே மூணு அதிகாரிக."

சுடலை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மெதுவாகக் கை நீட்டி, காய்ச்சல் இவளுக்கும் வந்துவிட்டதா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.