கறுத்துப்போன வெண்கொற்றக் குடை

செங்கரைச் சீமையில் ஒரு சம்பிரதாயம். ராஜா தலைக்கு மேல் வெண்கொற்றக் குடையைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. ராஜவீதியின் குறுக்கே யாரும் துணிக்கொடி கட்ட முடியாது, பட்டம் விட முடியாது. காக்கைக்கு மட்டும் விலக்கு. அதற்குச் சட்டம் புரியாதே!

அந்த ஊரில் போய், டீசல் ரயிலை நிறுத்திவிட்டு மின்சார ரயில் விடலாம் என்றாள் சபையின் ஒரே பெண் ஆலோசகர் சௌந்தரவல்லி.

அவள் ஆசனத்தின் மேல் மந்திரி தண்டபாணிக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். விடுவாரா?

"மகாராஜா! மின்சார ரயிலுக்கு மேலே கம்பி ஓடும். தங்கள் தலைக்கு மேல் கம்பியா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "வல்லி, இதற்கு நாளைக்குள் பதில் சொல். இல்லையென்றால் உன் ஆசனம் மந்திரிக்கு."

வல்லிக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. டீசல் புகையில் ஊர் முழுக்க இருமுகிறது, இவர்களுக்குத் தலைக்கு மேல் கம்பிதான் கவலை! கணக்கையும் புள்ளிவிவரத்தையும் விரித்தால் இந்தச் சபை தூங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சரி மகாராஜா, டீசலே இருக்கட்டும்" என்றாள் சாதுவாக. "நாளைக் காலை மலைவழியில் ஒரு பவனி போய்வாருங்கள். இன்ஜினுக்கு அடுத்த திறந்த பெட்டியில் நின்றால்தானே ஜனங்கள் தங்களைப் பார்க்க முடியும்? குடையை மந்திரியாரே பிடிக்கட்டும். அவர் காப்பாற்றிய வண்டியாயிற்றே!"

தண்டபாணிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வண்டி ஏற்றத்தில் முக்கி முனகி, சுரங்கத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது. ராஜாவின் பட்டு அங்கி சட்டிக்கரி. மந்திரிக்குக் கண் மட்டும்தான் வெள்ளை. வெண்கொற்றக் குடையைக் கேட்கவே வேண்டாம்.

"என்ன இது?" ராஜா இருமிக்கொண்டே கத்தினார்.

"தங்கள் குடைக்கும் மேலே ஏறிப் போயிருக்கிறது மகாராஜா, இந்தப் புகை" என்றாள் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி வந்த வல்லி. " சம்பிரதாயம் என்ன ஆவது? மந்திரியாரே, அதைக் கீழே இறங்கச் சொல்லுங்களேன்."

தண்டபாணி விடவில்லை. "மின்சாரம் மட்டும் எப்படி வருகிறதாம் அம்மணி? அதுவும் நிலக்கரியை எரித்துத்தானே?"

"ஆமாம், இல்லையென்று சொல்லவில்லை. அது ஊருக்கு வெளியே ஒரே ஒரு புகைபோக்கி. இன்றில்லாவிட்டால் நாளை அருவியை வைத்தோ காற்றாலையை வைத்தோ அதை அணைத்துவிடலாம். உங்கள் நாற்பது இன்ஜினும் ஆளுக்கொரு புகைபோக்கியைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போகிறதே, அதை எதை வைத்து அணைப்பீர்கள்? ஒரு நாளைக்கு ஒரே வண்டி போகும் காட்டுப்பாதையில் வேண்டுமானால் இப்போதைக்கு டீசலே ஓடட்டும். அங்கே கம்பி இழுப்பது வீண்."

ராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் சரி வல்லி. ஆனாலும் என் தலைக்கு மேல் கம்பி..."

"குடைக்குள்ளும்தான் கம்பி இருக்கிறது மகாராஜா. வழிநெடுக நடப்போகும் கம்பங்களைக் குடைக்காம்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாட்டை ஒரு குடைக்கீழ் ஆள்கிறேன் என்று பட்டாபிஷேகத்தன்று சொன்னீர்கள். குடையை இப்போதுதான் விரிக்கப் போகிறோம்!"

ராஜா சிரித்த சிரிப்பில் அங்கியிலிருந்த கரி உதிர்ந்தது. "கம்பி இழுங்கள்! வல்லி, உன் ஆசனம் உனக்கே. வேறென்ன வேண்டும், கேள்."

"ஒன்றே ஒன்றுதான். இந்தக் குடையை வெளுக்கும் பொறுப்பு மந்திரியாருக்கு."

மின்சார ரயில் வந்து மூன்று வருஷமாகிறது. தண்டபாணி இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.