அதிகாரியின் முதல் தியானம்

அரசாணை என்று சொல்லி, நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தின் மாந்தோப்பைப் பறிக்கக் காவலர்களோடு வந்தார் அதிகாரி சேந்தனார். பிக்குகள் கெஞ்சினார்கள்.

"இப்பவே எனக்குத் தியானம் வரவழைச்சுக் காட்டுங்க. விட்டுடுறேன்," என்று சிரித்தார்.

போன வாரம்தான் தியானம் கற்கத் தொடங்கிய உப்புக்காரி அல்லி முன்னே வந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது முதல் பாடம்தான், ஐயா. கண்ணை மூடி மூச்சைக் கவனிங்க. நடுவுல என்ன நினைப்பு வந்தாலும் வாய்விட்டுச் சொல்லிட்டு, மறுபடி மூச்சுக்குத் திரும்புங்க."

"இவ்வளவுதானா?"

சேந்தனாருக்குப் பல்லக்கில் வந்த களைப்பு. கண் மூடியதும் சொக்கியது.

"பசிக்குது... கால் மரத்துப்போச்சு... தோப்புல மருமகனுக்கு மாளிகை கட்டணும்... அரசருக்குத் தெரியாம முடிக்கணும்..."

தன் குரல் கேட்டு அவரே பதறிக் கண் திறந்தார்.

காவலர் தலைவன் அவர் தோளில் கை வைத்தான். "அரசரிடம் போகலாம், வாங்க."

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் அல்லி. "ஐயாவுக்கு இப்பதான் நல்லா வருது."