இரும்பும் வாளும் ஒரே விலை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குச் செய்ய வேலை இல்லாமல் போயிற்று. ராஜாவுக்கு வேலை இல்லாவிட்டால் யாருக்குக் கஷ்டம்? ஊருக்குத்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார். சபை நடுவே பெரிய துணியை விரித்து, அதில் காடும் கோட்டையும் கடைத்தெருவும் எழுதச் சொன்னார். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் வேடன், ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி. தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்குத் தக்கபடி சண்டை போடலாம், பொருள் செய்யலாம், விற்கலாம். காசுக்குப் பதில் சோழி. விலையெல்லாம் ராஜா வைத்ததுதான். இரும்புக் கட்டி பத்து சோழி, வாள் நூறு சோழி.

சபை விகடன் காளத்தி கொல்லன் வேஷம் எடுத்தான். மற்றவர்கள் காட்டில் பூதத்தோடு மல்லுக்கட்ட, இவன் உலையை விட்டு நகரவே இல்லை. பத்துக்கு இரும்பு வாங்கினான், நூறுக்கு வாள் விற்றான். பொழுது சாய்வதற்குள் துணியில் இருந்த ராஜாவின் கோட்டையையே விலைக்கு வாங்கிவிட்டான்.

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. காளத்தியைக் கண்டாலே ஆகாத பிரதானி சேந்தன் இதற்குத்தான் காத்திருந்தார். வாளுக்குள் இருப்பது இரும்புதானே, இரும்பு விலைக்கே வாளையும் விற்கச் சொன்னால் தீர்ந்தது என்றார். ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. அதோடு விட்டாரா? துணிக்கு நல்லது நாட்டுக்கும் நல்லது என்று சேந்தன் தூபம் போட, மறுநாளே தண்டோரா. எந்தப் பொருளையும் அதிலுள்ள சரக்கின் விலைக்கே விற்க வேண்டும். செய்கூலி கிடையாது, சேதாரம் கிடையாது.

விளையாட்டில் தோற்றதற்கு நாட்டையே தண்டிக்கிற மனுஷனை என்னவென்று சொல்ல! நெசவாளி நூல் விலைக்குச் சேலையைக் கொடுத்தான். குயவன் பாடு இன்னும் மோசம். மண்ணுக்கு ஏது விலை? பானையைச் சும்மா தூக்கிக்கொண்டு போனார்கள். அரண்மனைக்கு வேலை செய்யும் கொல்லன் வேலாசாரி மட்டும், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றாத வேலை எனக்கு வேண்டாம் என்று உலையை அணைத்துவிட்டான். அவனுக்கு விலங்கு மாட்டி இழுத்து வந்தார்கள். ஆணையை மீறிய கையை வெட்டிவிடலாம் என்றார் சேந்தன், வெற்றிலை கேட்கிற மாதிரி.

காளத்திக்கு ரத்தம் கொதித்தது. தான் விளையாட்டாகச் செய்தது ஒருவன் கையில் வந்து முடிகிறதே என்று தன்மேலும் கோபம். ஆணைப்படி இரும்பு விலைக்கு நானே வாள் தருகிறேன், இவனை விட்டுவிடுங்கள் என்று எழுந்து நின்றான். சேந்தனுக்கு வாயெல்லாம் பல். நாளைக் காலைக்குள் நூறு வாள், தவறினால் இரண்டு பேர் கையும் போகும் என்று ராஜாவின் வாயாலேயே சொல்ல வைத்தார்.

காலையில் காளத்தி வாசலில் மாட்டு வண்டியை நிறுத்தி, நூறு இரும்புக் கட்டிகளைத் தொம் தொம்மென்று சபை நடுவே போட்டான்.

"இதுவா வாள்? தங்களைக் கேலி செய்கிறான், மகாராஜா" என்று துள்ளினார் சேந்தன்.

"வாள்தான்" என்றான் காளத்தி. முகத்தில் சிரிப்பே இல்லை. "இரண்டும் ஒரே விலை என்பது ராஜ ஆணை. இதில் என்ன குறைகிறது என்று பிரதானி சொல்லட்டும்."

"காய்ச்சவில்லை, அடிக்கவில்லை, தீட்டவில்லை. வேலையே நடக்கவில்லையே, மூடனே!"

"அந்த வேலைக்குத்தான் விலை இல்லை என்று தண்டோரா போட்டீர்களே. விலையில்லாதது குறைந்தால் உமக்கு என்ன நஷ்டம்? எதிரி வந்தால் இதில் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு நீரே முன்னால் நடவும்."

ராஜா கட்டியைப் பார்த்தார், சேந்தனின் ஒடிசலான இடுப்பைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ஆணையை அங்கேயே ரத்து செய்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் காளத்தியிடம் நீட்டினார். மாலை இருக்கட்டும், முதலில் வேலாசாரியின் விலங்கைக் கழற்றச் சொல்லுங்கள் என்று காளத்தி எரிந்து விழுந்தான்.

காவலன் சாவியோடு வந்தான். வேலாசாரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இந்த விலங்கை அடித்தது நான்தான், மகாராஜா. தண்டோரா போட்ட அன்று பிரதானி வாங்கிப்போனார். இரும்புக்குத்தான் காசு வந்தது. செய்கூலியைக் கொடுத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கஜானாவை எதிர்பார்க்க வேண்டாம், உம்முடைய காசைக் கொடும் என்று பிரதானிக்கு உத்தரவாயிற்று. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சேந்தன் மடியை அவிழ்த்து, தான் வெட்டச் சொன்ன அந்தக் கையில் காசை வைத்தார்.