பாலாடையின் ரத்தத்தைச் சலித்த கதை

மலையடிவாரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பாலாடை என்ற முயலும் கடுகு என்ற சுண்டெலியும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் இருந்தன. மனிதச் சிறுநீரகத்தில் நோய் தொடங்கும் இடத்தைக் காட்டும் ஒரு புரதத்தை அடையாளம் காட்டுவதுதான் இரண்டுக்கும் வேலை. ஆய்வாளர் ரெஜினா அந்தப் புரதத்தை இரண்டுக்கும் ஊசியில் ஏற்றியிருந்தார். அதைக் கண்டால் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் அவற்றின் உடம்பில் உண்டாயின.

கடுகுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்கிட்ட எடுத்த ஒரே ஒரு செல்லைப் பெருக்கினாங்க, அதனால என்னோடதெல்லாம் ஒரே அச்சு! புரதத்தோட வாலை மட்டும் பிடிக்கும். குறி தப்பாது!"

"என்னோடது பல வகை! தலையைப் பிடிக்க ஒண்ணு, இடுப்பைப் பிடிக்க ஒண்ணு, வாலைப் பிடிக்க ஒண்ணு!" என்று பாலாடையும் விடவில்லை.

ரெஜினா இரண்டின் எதிர்ப்பொருள்களையும் சோதித்தார்; அவை ஒட்டிய இடத்தில் நிறம் ஏறும். புரதம் இருந்த தட்டில் இரண்டுமே நிறம் காட்டின. ஆனால் புரதமே இல்லாத வெறும் தட்டிலும் பாலாடையுடையது நிறம் காட்டித் தொலைத்தது! அதன் ரத்தத்தில் கண்டதையும் பிடிக்கும் வேறு எதிர்ப்பொருள்களும் கலந்திருந்தன.

"இதை நம்ப முடியாது. கொட்டிட வேண்டியதுதான்" என்றார் ரெஜினா.

பாலாடைக்கு அழுகை வந்தது. மூன்று மாதமாகக் காதில் ஊசி குத்தி எடுத்த ரத்தம். அத்தனையும் வீணா?

"அக்கா, கொட்டிடாதீங்க! சலிச்சுப் பாருங்க!"

"சலிச்சா ஒரு கரண்டிகூடத் தேறாது. மானம் போயிடும்!" என்று சிரித்தது கடுகு.

"போகட்டும்! பொய் சொல்றது என்னோடதா இருந்தாலும் எனக்கு வேண்டாம்."

ரெஜினா ஒரு கண்ணாடிக் குழாயில் அந்தப் புரதத்தை ஒட்டிவைத்து, முயலின் ரத்தநீரை ஊற்றினார். புரதத்தைப் பிடித்தவை தங்கின. மற்றவை வழிந்து போயின. கடைசியில் தேறியது நிஜமாகவே ஒரு கரண்டிதான்.

அடுத்து, கெடாமலிருக்க ஃபார்மலின் என்ற மருந்தில் ஊறவைத்த சிறுநீரகத் துண்டு வந்தது. கடுகுடையவை நிறமே காட்டவில்லை.

"ஐயோ, வாலைக் காணோமே!" என்று அலறியது கடுகு. ஃபார்மலின் புரதத்தின் வாலை மறைத்திருந்தது.

பாலாடையுடையவற்றில் வாலைத் தேடியவை ஏமாந்தன. தலையையும் இடுப்பையும் தேடியவை கப்பென்று பிடித்துக்கொண்டன. புரதம் இருந்த இடமெல்லாம் பழுப்பு நிறம் ஏறியது. வெறும் தட்டு இம்முறை சுத்தமாக இருந்தது.

"கிடைச்சிடுச்சு! நோய் எங்கே தொடங்குதுன்னு இனிமே தேடலாம்!" என்று ரெஜினா துள்ளினார்.

கடுகு முகத்தைத் தொங்கப் போட்டது. "இனிமே என்னைக் கூப்பிடவே மாட்டாங்களா?"

"ஏன் மாட்டாங்க? வால் தெரியுற இடத்துல நீயும் சொல்லு, நானும் சொல்றேன். ரெண்டு பேர் சொன்னா இன்னும் நம்புவாங்க!" என்றது பாலாடை.

தன்னிடமுள்ள தவற்றைக் களையச் சம்மதிப்பவரின் உழைப்பு, அளவில் குறைந்தாலும் ஒருநாளும் வீண்போகாது.